வேலை பார்த்ததற்குச் சாட்சி

தனியார் கம்பெனிகளின் விண்ணப்பப் படிவத்தில், கையெழுத்துப் போடும் இடத்துக்குச் சற்று மேலே இரண்டு கட்டங்கள் இருக்கும். உங்களைத் தெரிந்த, உறவினர் அல்லாத இருவரின் பெயர், பதவி, போன் நம்பர். ‘ரெஃபரன்ஸ்’ என்று அச்சாகியிருக்கும் அந்தச் சொல்லை நம் ஊரில் எல்லோரும் ‘சிபாரிசு’ என்றே படிக்கிறோம். அதனால் வார்டு கவுன்சிலர், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், தாசில்தார் ஆபீசில் இருக்கும் தூரத்துச் சொந்தம் என்று கொஞ்சம் கனமான பெயராகத் தேடி எழுதுகிறோம். மாற்றுத்திறனாளி ஒருவர் நிரப்பும் படிவம் என்றால் அவருடைய அப்பாவோ அண்ணனோ பக்கத்தில் உட்கார்ந்து, “நம்ம பிள்ளைக்காகப் பேசற பெரிய மனுஷங்க யாரு?” என்று யோசித்துத்தான் அந்தக் கட்டங்கள் நிரம்பும். அக்கறையோடு செய்வதுதான். ஆனால் வேலை கைநழுவிப் போவதற்கு அந்த இரண்டு பெயர்களே பல நேரம் காரணம் என்ற எண்ணம் நாள்பட உறுத்துகிறது. அதைப் பற்றி யாரும் விரிவாகப் பேசுவதில்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

சிபாரிசு என்பது சொல்பவருடைய செல்வாக்கைக் காட்டுவது. அந்தக் கட்டம் கேட்பது சாட்சியை. இந்த ஆள் வேலை செய்வதைக் கண்ணால் பார்த்த ஒருவர் வேண்டும். அவர் பார்த்ததைச் சொல்ல வேண்டும். முதலாளியோ, சூப்பர்வைசரோ, தொழில் சொல்லிக்கொடுத்தவரோ, துணியைக் கொடுத்துத் தைத்து வாங்கிய வாடிக்கையாளரோ யாராக இருந்தாலும் சரி. பெரிய மனிதராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

போன் வரும் நேரம்

ஆளெடுப்புப் பிரிவில் இருப்பவர் ரெஃபரன்ஸ் நம்பருக்குப் பேசுவது இரண்டு மூன்று நிமிடம்தான். அவர் கையில் பெரும்பாலும் ஒரு தாள் இருக்கும். எத்தனை நாள் பழக்கம், எந்த முறையில் பழக்கம், என்ன வேலை செய்தார், நேரத்துக்கு வருவாரா, லீவு எப்படி, கூட வேலை பார்த்தவர்களோடு ஒத்துப்போவாரா, ஏன் விலகினார். கடைசியாக ஒரு கேள்வி: வாய்ப்பு வந்தால் இவரை மறுபடி வேலைக்குச் சேர்த்துக்கொள்வீர்களா? மற்ற பதில்கள் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும், இந்தக் கடைசிக் கேள்விக்குத் தயங்காமல் ‘கண்டிப்பா’ என்று வந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

இப்போது அந்தப் போன் பெரிய மனிதருக்குப் போகிறது. அவர் அந்தப் பையன் வேலை பார்த்து ஒருநாளும் பார்த்ததில்லை. தெரிந்ததைத்தானே சொல்ல முடியும்? “ஆமாங்க, நல்ல குடும்பம். சின்ன வயசுல காய்ச்சல் வந்து கால் போயிருச்சு. பாவம், ரொம்பக் கஷ்டப்பட்டுப் படிச்ச பையன். ஏதோ பார்த்துச் செஞ்சீங்கன்னா உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.” இதில் பொய் இல்லை. முழுக்க அன்பு. ஆனால் போனை வைத்ததும் எதிர்முனையில் இருக்கும் தாளைப் பாருங்கள். வேலை பற்றிய ஒவ்வொரு வரியும் காலியாக இருக்கிறது. புதிதாகச் சேர்ந்த செய்தி ஒன்றுதான், கால் போன கதை. விண்ணப்பத்தில் அவர் எழுதியிருந்த டேலி கணக்கு மென்பொருள், தட்டச்சு, இரண்டு வருட ஜி.எஸ்.டி. பில் அனுபவம் எல்லாம் பின்னால் போய்விட, காலும் பாவமும் முன்னால் வந்து நிற்கின்றன.

இதன் பிறகு பெரும்பாலும் ‘சொல்லி அனுப்புகிறோம்’ என்பார்கள். ஆனால் வேலை கிடைத்துவிட்டால் வருவதுதான் எனக்கு அதைவிடக் கவலை. புண்ணியத்துக்காகக் கொடுத்த வேலையில் சம்பளமும் புண்ணியக் கணக்கில்தான் வரும். பக்கத்து நாற்காலிக்காரர் வாங்குவதில் பாதி. அடுத்த வருடம் ஊதிய உயர்வு கேட்டால், “உட்கார வச்சுச் சம்பளம் கொடுக்கறதே பெரிசு” என்ற பதில். இரக்கத்தின் பேரில் உள்ளே போனவர் உரிமையாக எதையும் கேட்க முடியாமல் போகிறது. வாசலில் யாரோ சொன்ன ‘பாவம்’ அவர் வேலையை விட்டு விலகும் நாள் வரை கூடவே வருகிறது.

ஆகவே ஒருவருடைய பெயரை அந்தக் கட்டத்தில் எழுதும் முன் மூன்று காரியம் செய்யுங்கள். அவரிடம் அனுமதி கேளுங்கள். எந்தக் கம்பெனி, என்ன வேலை, எந்த வாரத்தில் போன் வரலாம் என்று சொல்லுங்கள். பிறகு உங்கள் வேலை விவரத்தை ஐந்தாறு வரியில் எழுதி அவர் போனுக்கு அனுப்புங்கள்: சேர்ந்த மாதம், விலகிய மாதம், பார்த்த வேலை, ஒரு நாளில் முடித்த அளவு, சாமர்த்தியமாகச் சமாளித்த ஒரு சந்தர்ப்பம். இரண்டு வருடம் கழித்து யாருக்கும் தேதி நினைவிருக்காது. நீங்கள் ஒரு வருடம் என்று எழுதியிருக்க, அவர் “ஒரு ஆறு மாசம் இருந்தாப்ல” என்று சொல்லிவிட்டால் நீங்கள் பொய் எழுதியதாக ஆகிவிடும். உங்கள் உடல்நிலை பற்றிக் கேட்டால் என்ன சொல்வது என்பதையும் இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். “அதை அவர்கிட்டயே கேட்டுக்கோங்க, வேலையில அதனால எந்தத் தடங்கலும் வரல” என்ற ஒரு வாக்கியம் போதும். மனநலச் சிகிச்சை, வலிப்பு மாதிரி வெளியே தெரியாத நிலை உள்ளவர்களுக்கு இந்தப் பேச்சு மிக முக்கியம். நல்லெண்ணத்தில் ஒருவர் வாய்தவறிச் சொல்வதைத் திரும்ப வாங்க முடியாது.

சேலம் மாவட்டத்தில் மலைமேல் இருக்கும் ஏற்காட்டுக்காரர்களுக்கு இன்னொரு சிக்கல். மலையில் மேட்டுக்கு மேடு சிக்னல் மாறும். நவம்பரிலிருந்து ஜனவரி வரை காபிப் பழம் பறிக்கும் நேரத்தில் எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டரைப் போனில் பிடிப்பது குதிரைக்கொம்பு. இரண்டு தடவை அடித்து எடுக்கவில்லை என்றால் அந்தக் கட்டத்துக்கு எதிரே ‘தொடர்புகொள்ள இயலவில்லை’ என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். ஆபீஸ் லேண்ட்லைன் இருந்தால் அதையும், பேசக்கூடிய நேரத்தையும் சேர்த்து எழுதுங்கள். காது கேளாதவர்களுக்கு இதே சிக்கல் தலைகீழாக வரும். சாட்சி சொல்பவர் போன் எடுப்பார், விண்ணப்பித்தவர் எடுக்க மாட்டார். ஆள் பொறுப்பில்லாதவர் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். நம்பருக்குப் பக்கத்திலேயே ‘வாட்ஸ்அப் செய்தி மட்டும், உடனே பதில் தருவேன்’ என்று எழுதுங்கள். அம்மாவின் நம்பரைக் கொடுக்காதீர்கள். கொடுத்தால் பேச்செல்லாம் அம்மாவோடு நடக்கும். நீங்கள் அதற்குள் இருக்க மாட்டீர்கள்.

கடிதத்தில் இரண்டாவது வாக்கியம்

எழுத்தில் வாங்கும் அனுபவச் சான்றிதழிலும் இதே கதைதான். முதல் வாக்கியம் சரியாக இருக்கும். இரண்டாவது வாக்கியம் ‘மாற்றுத்திறனாளியாக இருந்தபோதிலும்’ என்று தொடங்கும். அந்த ‘இருந்தபோதிலும்’ வந்துவிட்டால் பின்னால் எத்தனை பாராட்டு வந்தாலும் அது சலுகை மதிப்பெண்ணாகவே படிக்கப்படும். எழுதிக்கொடுப்பவரிடம் இதை மரியாதையாகச் சொல்லலாம். அதைவிட எளிது, நாமே ஒரு வரைவை எழுதிக்கொண்டு போவது. சின்னக் கடைக்காரர்களுக்கும் பட்டறைக்காரர்களுக்கும் கடிதம் எழுதுவதே பாரம். வரைவைக் கொடுத்தால் சந்தோஷமாக லெட்டர்பேடில் எழுதி முத்திரை வைத்துத் தருவார்கள்.

வரைவு இப்படி இருக்கட்டும்: ‘இவர் 2022 ஜூன் முதல் 2024 மார்ச் வரை எங்கள் அச்சகத்தில் தமிழ், ஆங்கிலத் தட்டச்சும் பக்க வடிவமைப்பும் செய்தார். நாளொன்றுக்குச் சுமார் 20 பக்கம் முடிப்பார். கல்யாண சீசனில் பத்திரிகை வேலைகளுக்குத் தேதி தவறியதில்லை. வேலை நேரம் காலை 9.30 முதல் மாலை 6 வரை, வாரம் 6 நாள். மேசையின் கீழ் இருந்த டிராயரைக் கழற்றிச் சக்கர நாற்காலி நுழைய இடம் செய்தோம். அதைத் தவிர வேறு மாற்றம் தேவைப்படவில்லை. வாய்ப்பிருந்தால் மீண்டும் சேர்த்துக்கொள்வோம்.’

டிராயர் பற்றிய அந்த வாக்கியத்துக்காகவே கடிதம் வாங்கலாம். முதலாளி மனதில் இருக்கும் பயம் பெரும்பாலும் வெறுப்பு கிடையாது. இன்னும் என்னென்ன செலவு வருமோ, ஏதாவது ஆனால் நம் தலையில் விழுமோ என்ற கணக்குத் தெரியாத பயம். இன்னொரு முதலாளி ஒரு டிராயரைக் கழற்றியதோடு வேலை முடிந்தது என்று கையெழுத்துப் போட்டுச் சொல்லும்போது அந்தப் பயத்துக்கு ஒரு அளவு கிடைத்துவிடுகிறது. ஒரு உயரமான ஸ்டூல், திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும், கம்ப்யூட்டரில் இலவசமாகப் போட்டுக்கொள்ளும் என்விடிஏ திரைவாசிப்பான், ஷிப்டை அரை மணி நேரம் தள்ளி வைத்தது என்று எதுவாக இருந்தாலும் செலவோடும் நாளோடும் எழுதச் சொல்லுங்கள்.

வாசற்படி என்றால் கணக்குக் கொஞ்சம் கவனம். சக்கர நாற்காலிக்கான சரிவு ஒன்றுக்குப் பன்னிரண்டு. ஒரு அடி உயரப் படிக்குப் பன்னிரண்டு அடி நீளச் சரிவு வேண்டும். சேலம் செவ்வாப்பேட்டைச் சந்துகளில் அந்த நீளம் கிடைக்காது. கிடைத்த இடத்தில் செங்குத்தாக ஒரு சிமெண்ட் சரிவு போட்டால், ஏறும்போது நாற்காலி பின்னால் சாய்கிறது. இதை வேலைக்குச் சேர்ந்த பிறகு கண்டுபிடிப்பதைவிட, நேர்காணல் நாளன்றே வாசலையும் கழிப்பறையையும் பார்த்துவிட்டு வருவது நல்லது. வாசலைக்கூட இருவர் தூக்கிக் கடத்திவிடுவார்கள். கழிப்பறைக் கதவு குறுகலாக இருந்தால் ஒரு வாரத்தில் வேலை முடிந்துவிடும். தண்ணீர் குடிக்காமல் பத்து மணி நேரம் இருப்பதற்கு யாரும் சம்மதிக்கக் கூடாது.

முதல் வேலையே இல்லாதவருக்கு

“வேலையே பார்த்ததில்லை, யாரைச் சாட்சிக்குக் கூப்பிடுவது?” என்பதுதான் வழக்கமாக வரும் கேள்வி. நியாயமான கேள்வி. வேலை கொடுக்காமலே வைத்திருந்துவிட்டு, வேலை பார்த்ததற்கு ஆள் காட்டு என்றால் எங்கே போவது? ஆனால் உட்கார்ந்து பேசிப் பார்த்தால், முழுக்க வேலையே செய்யாதவர் என்று மிகச் சிலர்தான் இருக்கிறார்கள். செய்த வேலைக்கு வேலை என்று பெயர் வைக்காமல் விட்டிருக்கிறோம்.

கொலுசுத் தொழிலை எடுத்துக்கொள்வோம். சேலத்தில் கொண்டலாம்பட்டி, பனங்காடு, சிவதாபுரம் பக்கமெல்லாம் வீட்டிலேயே பட்டறை. உட்கார்ந்த இடத்தில் செய்யும் வேலை. கண்ணும் விரலும்தான் முக்கியம் என்பதால் கால் முடியாதவர்களும் காது கேளாதவர்களும் வீட்டோடு சேர்ந்து அதில் பழகிவிடுகிறார்கள். ‘வீட்டு வேலைக்கு ஒத்தாசை’ என்று அதைச் சொல்லிக்கொள்கிறார்கள். வெள்ளியை எடை போட்டுக் கொடுத்து, செய்த உருப்படியை எடை போட்டு வாங்குகிற தொழில் இது. கொடுத்த எடை, வந்த எடை, சேதாரம், கூலி என்று எங்காவது ஒரு நோட்டு இருக்கும். மூன்று வருடம் பிறர் வெள்ளியைக் கையில் வாங்கி, கணக்குக் குறையாமல் திருப்பிக் கொடுத்திருக்கிறார் என்றால், அதைவிடப் பெரிய நாணயச் சான்று எந்த அதிகாரியின் பச்சை மையிலும் கிடைக்காது. அந்த நோட்டின் நான்கு பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து, வெள்ளி கொடுத்தவரிடம் ‘இந்தக் கணக்கு உண்மை’ என்று ஒரு கையெழுத்து வாங்குங்கள். பொருள் கையிருப்பு பார்க்கும் வேலைக்கோ, தரம் பார்க்கும் வேலைக்கோ அது போதுமான ஆரம்பம்.

அதே மாதிரி தறிக்கு, நீளவாட்டு நூலான பாவு கணக்கு. எஸ்டேட்டில் செக்ரோல் என்னும் வருகை, கூலிப் பதிவேடு. காபியில் பச்சைக்காய் பொறுக்கியது, காய்ந்த கொட்டையில் கறுப்பும் உடைசலும் பிரித்தது எல்லாம் ஆள் கணக்காகவோ எடைக் கணக்காகவோ பதிவாகியிருக்கும். சுய உதவிக் குழுவில் தீர்மானப் புத்தகமும் ரொக்கப் புத்தகமும் எழுதியவர் ஐந்து வருடம் கணக்கு எழுதிய அனுபவம் உள்ளவர். அந்தக் குழுவுக்குக் கடன் கொடுத்த வங்கிக் கிளையின் அலுவலர் அவருக்குச் சாட்சி. நூறு நாள் வேலையில் பணித்தளப் பொறுப்பாளராக வருகைப் பதிவேடு எழுதியவருக்கு ஊராட்சிச் செயலர் சாட்சி. ஐ.டி.ஐ.யில் படித்தவருக்கு, பிரின்சிபாலைவிடப் பக்கத்தில் நின்று ரம்பம் பிடிக்கச் சொல்லிக்கொடுத்த பயிற்றுநர் நல்ல சாட்சி. பிரின்சிபால் கையெழுத்து அழகாக இருக்கும். போனில் கேட்டால் அவருக்கு முகம் நினைவிருக்காது.

இதுவும் இல்லையென்றால் ஒரு மாதம், இரண்டு மாதம் தேதி குறித்து ஓரிடத்தில் வேலை பாருங்கள். ஆனால் முதல் நாளே இரண்டு விஷயம் பேசி முடித்துவிடுங்கள்: கூலி எவ்வளவு, முடிவில் கடிதம் உண்டா. ‘பழகிக்கட்டும், சம்பளம் அப்புறம் பார்க்கலாம்’ என்ற இடத்தில் ‘அப்புறம்’ வருவதே இல்லை.

பி.எஃப். பிடித்த இடத்தில் வேலை பார்த்திருந்தால், கடிதம் தர மறுக்கும் முதலாளியைப் பற்றி அவ்வளவு கவலைப்பட வேண்டாம். பி.எஃப். உறுப்பினர் இணையதளத்தில் யு.ஏ.என். என்னும் உங்கள் பி.எஃப். கணக்கு எண்ணைப் போட்டால் சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் பணி வரலாறாக வந்துவிடும். சரிபார்ப்பவர்கள் கடிதத்தைவிட அதைத்தான் நம்புகிறார்கள். இங்கே வழக்கமாக நடக்கும் கோளாறு, பழைய இடத்தில் விலகிய தேதியைப் பதியாமல் விட்டுவிடுவது. அப்போது நீங்கள் இன்னும் அங்கேயே வேலை செய்வதாகக் காட்டும். கடைசியாகப் பணம் கட்டிய மாதத்திலிருந்து இரண்டு மாதம் கடந்த பிறகு அந்தத் தேதியை நீங்களே பதிந்துகொள்ளலாம்.

வேலை இல்லாமல் இருந்த வருடங்களுக்கும் ஒரு காகிதம் உண்டு. ஏற்காடு ரோட்டில் கோரிமேட்டில் இருக்கும் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்து வந்திருந்தால், அந்த அட்டையே ‘வேலை தேடிக்கொண்டுதான் இருந்தேன்’ என்பதற்குத் தேதி போட்ட ஆதாரம். மாற்றுத்திறனாளிகளுக்குப் பதிந்து ஒரு வருடம் ஆனாலே உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம்: பத்தாம் வகுப்பு வரை 600 ரூபாய், பிளஸ் டூவுக்கு 750, பட்டத்துக்கு 1,000. அது வேலையில்லாதவருக்கு மட்டும் உரிய தொகை என்பதால், சிலர் பார்த்த வேலையை எழுத்தில் வராமல் மறைக்கிறார்கள். மாதம் ஆயிரத்தைக் காப்பாற்ற இரண்டு வருட அனுபவத்தை இல்லாததாக்கிவிடுவது பெரிய நட்டம். வீட்டில் யோசனை சொல்பவர்கள் இதையும் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும்.

சதவீதம் சொல்லாதது

மாற்றுத்திறனாளி அடையாள அட்டையின் நகலைப் பயோடேட்டாவோடு சேர்த்தே பின் அடித்து அனுப்புகிறோம். அரசுப் பணிக்கு அது தேவை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி அங்கே 4 சதவீத இட ஒதுக்கீடு இருக்கிறது. 40 சதவீதத்துக்குக் குறையாத குறைபாடு இருந்தால்தான் அதில் வரலாம். அங்கே ரெஃபரன்ஸுக்கு வேலை இல்லை, சான்றிதழின் வடிவமும் காலாவதித் தேதியும்தான் பார்க்கப்படும். தற்காலிகச் சான்றிதழ் என்றால் தேதி முடியும் முன்பே புதுப்பித்து வையுங்கள்.

தனியாரில் அப்படி இல்லை. ‘இடது கால் 60 சதவீதம்’ என்ற வரி, உங்கள் கைகளைப் பற்றியோ கணக்கறிவைப் பற்றியோ எதையும் சொல்லாது. படிப்பவரோ ஆளில் 40 சதவீதம்தான் மிச்சம் என்று புரிந்துகொள்கிறார். மருத்துவப் படிப்புச் சேர்க்கை குறித்த ஒரு வழக்கில் 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றமே, சதவீதத்தை மட்டும் வைத்து ஒருவரைத் தகுதியற்றவர் என்று ஒதுக்கக் கூடாது, அவரால் அதைச் செய்ய முடிகிறதா என்று பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. ஆகவே வசதி எதுவும் கேட்கப்போவதில்லை என்றால் முதல் விண்ணப்பத்தில் அட்டையைச் சேர்க்காமல் விடலாம். நேர்காணலுக்கே ஏற்பாடு தேவை என்றால், தேவையை மட்டும் எழுதுங்கள்: ‘தரைத்தளத்தில் நேர்காணல் வைத்தால் நல்லது’. 20 பேர், அதற்கு மேல் வேலை பார்க்கும் தனியார் நிறுவனம் சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை வெளியிட்டிருக்க வேண்டும், அதில் மாற்றுத்திறனாளிகளுக்கான தொடர்பு அலுவலரைக் குறிப்பிட வேண்டும் என்பது சட்டத்திலும் 2017 விதிகளிலும் இருக்கிறது. “உங்க தொடர்பு அலுவலர் யாருங்க?” என்று சாதாரணமாகக் கேட்டுப் பாருங்கள். பதில் வருகிறதா, முழிக்கிறார்களா என்பதிலேயே அந்த இடத்தைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும்.

நகல் கொடுக்கும்போது அதன் குறுக்கே எந்தக் கம்பெனிக்கு, எந்தத் தேதியில் என்று பேனாவால் எழுதிக் கொடுங்கள். மூலச் சான்றிதழை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். மாற்றுத்திறனாளி கோட்டாவில் அரசு வேலை வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்டு வருகிறவரிடம் பேச்சே வேண்டாம்.

வேலை கிடைத்த பிறகு சாட்சி சொன்னவருக்கு அன்றைக்கே போன் செய்து சொல்லுங்கள். அடுத்த தடவையும் அவர் தேவைப்படுவார். புது இடத்தில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, என்ன செய்தோம், எவ்வளவு செய்தோம் என்று ஒரு பக்கம் எழுதி, மேலே இருப்பவரிடம் தேதியோடு கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். விலகும் நாளில் கேட்டுக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். சூப்பர்வைசர் மாறிப் போவார், வெள்ளி விலை ஏறினால் பட்டறையையே மூடிவிடுவார்கள், எஸ்டேட் கைமாறும். பழைய செக்ரோலைத் தேடிப் போகும்போது அது எந்த அறையில் இருக்கிறது என்று தெரிந்த ரைட்டர் அங்கே இருக்க மாட்டார்.